இருங்கோ சிஸ்ரர்

எங்கள் வீட்டில் இரண்டு கையும் உடையாமல் இருந்த கதிரை ஒன்றே ஒன்றுதான். நீலப் பிளாஸ்ரிக் கதிரை. மற்ற நாட்களில் அதில் துணி குவிந்து கிடக்கும், கோழி ஏறி நிற்கும். என் கணவருடைய தங்கை ஜெயனி கன்னியாஸ்திரி மடத்திலிருந்து விடுமுறைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் மாமி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முன் அறையில் சுவரோரமாக வைத்து, ஒரு வெள்ளைத் துவாயையும் மேலே விரித்துவிடுவார். அதன் பிறகு வேறு யாராவது மறந்துபோய் அதில் இருந்தால் அந்த ஆளுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும்.

ஜெயனிக்கு அந்தக் கதிரையைக் கண்ணிலும் காட்டக்கூடாது. தண்ணீர் குடிக்க எழும்பினால் மாமி குசினியிலிருந்து ஓடி வருவார். "இருங்கோ சிஸ்ரர், நான் கொண்டுவாறன்." வெங்காயம் உரிக்க வந்தால், "இருங்கோ சிஸ்ரர், கை மணக்கும்." கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்றால், "இருங்கோ சிஸ்ரர், வெயிலெல்லோ."

செல்லத்துக்குப் பிள்ளைகளை 'நீங்கள்' என்று கூப்பிடும் தாய்மார் இருக்கிறார்கள். என் மாமி அகஸ்ரினா அந்த ரகம் இல்லை. மகன், என் கணவர் றொசாந்தன், அவருக்கு 'எடேய்', நான் 'எடியே'. ஜெயனியையும் பதினெட்டு வயது வரை அப்படித்தான், தெருமுனைக்குக் கேட்கும்படி, கூப்பிட்டவராம். அந்த வாய் 'இருங்கோ சிஸ்ரர்' என்று குழைவதைப் பார்க்க எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஜெயனியை நினைத்துப் பாவமாக இருந்தது. மரியாதையால் ஒரு ஆளைக் கட்டிப்போட முடியும் என்று நான் கண்டது அந்த வீட்டில்தான்.

நான் ஜெயகௌரி. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பதினாறு வயதில் தாய் தகப்பனோடு ஊர் திரும்பி, இருபத்திரண்டில் இந்தக் கத்தோலிக்க வேதக்கார வீட்டுக்கு வாழ வந்த சைவக்காரி. ஊர் திரும்பிய புதிதில் யாரையாவது "உட்காருங்க" என்று நான் சொன்னால் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். "இந்தியாக்காரி வந்திட்டா" என்பார்கள். இங்கே உட்காருவதற்கும் 'இரு'தான், போகாமல் நிற்பதற்கும் 'இரு'தான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தேன். உடுப்பு என்ன நிறம், ஞானத்தாய் யார், சாப்பாடு எத்தனை பேருக்கு என்று எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். கோயிலுக்குப் புறப்படும் முன் ஜெயனி ஒருத்திதான் என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், "மச்சாள், உங்களுக்கு மாற விருப்பமோ?" என்று கேட்டாள். மடத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்த பத்தொன்பது வயதுப் பெட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பழகிடும்" என்றேன். இன்று எனக்கு மாதா மேல் உண்மையான பக்தி இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

அவள் மடத்துக்குப் போன கதை ஒரு கூத்து. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பங்கிலிருந்து மூன்று பெட்டைகளைக் கண்டிப் பக்கம், துறவுக்கு ஆள் சேர்க்கிற தேவ அழைத்தல் முகாமுக்கு அனுப்பினார்கள். மூன்று நாள். ஜெயனி போனது மலை பார்க்க. அதுவரை அவள் கட்டுக்கரைக் குளத்து அணையை விட உயரமான எதையும் கண்டதில்லை. திரும்பி வந்த ஞாயிறு பூசை முடிவில் பாதர், "முகாமுக்குப் போன பிள்ளையள் எழும்பி நில்லுங்கோ" என்றார். ஒருத்தி நானாட்டானில் சொந்தக்காரர் வீட்டில். மற்றவளுக்கு வயிற்றுப்போக்கு. இவள் மட்டும் எழும்பி நின்றாள்.

"எங்கட பங்குக்கு ஒரு தேவ அழைத்தல்!" என்று பாதர் சொல்ல, கோயில் முழுதும் கைதட்டியது. பொம்பிளைகள் வந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். பின்னால் பாயில் இருந்த மாமியை இரண்டு பேர் தோளில் பிடித்து முன் வரிசை வாங்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாமா வின்சன்ட் கடலில் நெஞ்சு வலித்து இறந்த பிறகு அந்தக் கோயிலில் யாரும் மாமியை எதற்கும் முன்னே கூப்பிட்டதில்லை. நண்டுச் சதை எடுக்கிற கொட்டிலில் வேலை, கையெல்லாம் ஓடு கீறிய புண், நல்ல காரியங்களில் ஒதுங்கி நிற்கிற கைம்பெண். அன்றோடு அவர் 'சிஸ்ரரின்ட அம்மா' ஆனார். அந்த ஞாயிறு மாமி முன் வாங்கில் இருந்து அழுததைப் பார்த்துவிட்டு, 'நான் சும்மா மலை பார்க்கப் போனனான்' என்று எந்த மகள் சொல்லுவாள்?

ஏழு வருடம் போனது. போன வருடம் ஜெயனி பத்து நாள் விடுமுறையில் வந்தாள். பத்தாவது நாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை மடத்து வாகனம் வந்து அவளைக் கூட்டிப்போகும். அதற்கடுத்த சனிக்கிழமை கண்டியில் முதல் வார்த்தைப்பாடு, துறவியாகவே வாழ்வேன் என்று கோயிலில் சத்தியம் எடுக்கிற நாள். அதைப் பார்க்க ஊரே போவதென்று இரண்டு பஸ் பேசியாகிவிட்டது. கோயில் மதிலில் கட்டுவதற்கு அவள் படம் போட்ட பெரிய பதாகை மன்னார் டவுணில் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

ஏழாவது நாள் காலை மாமி கொட்டிலுக்குப் போனதும் ஜெயனி குசினிக்கு வந்தாள். பின்கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் குந்தி, நான் வெட்ட வைத்திருந்த ஒட்டி மீனை எடுத்தாள்.

"முள்ளுக் குத்தும்" என்றேன். ஒட்டி முள்ளுக் குத்தினால் கை வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"குத்தட்டும்" என்றாள். இரண்டு மீனை வெட்டி முடித்தாள். பிறகு தலை நிமிராமலே, "மச்சாள், எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை" என்றாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சட்டியைத் தள்ளி வைத்தேன்.

"அங்க ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஐயோ இல்லை. நல்ல ஆக்கள். பெரிய மதர் போன மாசம் கூப்பிட்டுக் கேட்டவா, 'விருப்பத்தோடதானே மகள்?' எண்டு. நான் ஓம் எண்டிட்டன்."

அவளை 'நீ' என்று சொல்ல எனக்குப் பயம், 'நீங்கள்' என்று சொல்ல மனம் வராது. பெயரை வைத்தே சமாளிப்பேன். "பிறகு ஏன் ஜெயனி ஓம் எண்டு சொன்னது?"

"ஆரும் கேட்டா ஓம் எண்டு சொல்லியே பழகிட்டன். யேசுவோட எனக்கு ஒரு கோவமும் இல்லை, மச்சாள். செபமும் வேணும், கோயிலும் வேணும். ஆனா இந்த உடுப்பு என்ர இல்லை. அண்டைக்கு எழும்பி நிண்டனான். இன்னும் நிண்டுகொண்டே இருக்கிறன். கால் நோகுது."

"அம்மாட்டச் சொல்லலாமே?"

"அம்மா எங்க என்னோட கதைக்கிறா?" என்றாள். "சிஸ்ரரோடயெல்லோ கதைக்கிறா."

துருவித் துருவிக் கேட்டேன். அவளுக்கு யார்மேலும் காதல் இல்லை. வெளிநாட்டு ஆசையும் இல்லை. கடைசி இரண்டு வருடம் மடத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவளை விட்டிருந்தார்கள். கைப் பாஷை பழகினாள். சந்தோஷமாக இருந்த இரண்டு வருடம் அதுதான் என்றாள். இனி வார்த்தைப்பாடு முடிய அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். அது ஒரு விடுதி, சமையல் பொறுப்பு. அவளுக்குப் பிள்ளைகள் வேண்டும்.

என் சுயநலத்தையும் மறைக்கமாட்டேன். என் மகள் சுவேதினிக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேளாது. ஜெயனி ஒவ்வொரு விடுமுறையிலும் அவளுக்கு விரலால் பேசப் பழக்கினாள். சுவேதினிக்கு நீ, நீங்கள், சிஸ்ரர் எல்லாம் ஒன்றுதான்: ஒரு விரலை நீட்டினால் முடிந்தது. அந்த வீட்டில் ஜெயனியைக் கதிரையிலிருந்து இழுத்து எழுப்பி, வேலை ஏவிய ஒரே ஆள் அவள். ஜெயனி பக்கத்தில் இருந்தால் என் பிள்ளைக்கு ஒரு உலகம் கிடைக்கும் என்று எனக்கும் ஆசைதான். அதனால் நான் சொல்லுவது நியாயமா, ஆசையா என்று எனக்கே தெரியாமல் தவித்தேன்.

றொசாந்தனிடம் சொன்னேன். "அம்மா செத்துப்போவா. நீ வாய் திறக்காத" என்று சொல்லிவிட்டுத் தொழிலுக்குப் போய்விட்டார். ஆம்பிளைகளுக்குக் கடல் ஒன்று இருக்கிறது, போய்விடலாம்.

நான் வாயைத் திறந்தேன். மாமி உலைக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்த நேரம், "மாமி, ஜெயனிக்குப் போக மனமில்லைப் போல" என்றேன்.

"சோதனை. வார்த்தைப்பாட்டுக்கு முன்னம் எல்லாருக்கும் வாறது. ஒரு செபமாலை கூடச் சொல்லுவம்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சைவத்தில இருந்து வந்தனி. உனக்கு உது விளங்காது" என்றார். ஆறு வருடமாக அந்த வீட்டில் முழங்காலில் நின்று செபம் சொல்கிறவள் நான். அந்தச் சொல் இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்த நாள் நானும் ஜெயனியும் சுவேதினியும் பாத்தும்மா ராத்தாவிடம் போனோம். சந்தைக்குப் பின்னால் தையல் மெசின் போட்டிருக்கிற முஸ்லிம் பொம்பிளை, ஐம்பது வயது தாண்டியவர். வார்த்தைப்பாட்டுக்குப் போகிற எங்கள் வீட்டுப் பொம்பிளைகளுக்கு ஒரே நிறத்தில் சாறிச் சட்டை அவர்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் என் சட்டையைப் போட்டுப் பார்க்க, ஜெயனி வாசலில் இருந்து சுவேதினியோடு கையால் பேசிக்கொண்டிருந்தாள். ராத்தா மெசினை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"மகள், இந்தப் பாஷை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"ஓம் ராத்தா."

"என்ட தங்கச்சிட பேரன் றினாஸ் இலுப்பைக்கடவையில அந்தப் பிள்ளைகள்ட நிலையத்தில படிக்கிறான். படிப்பிச்ச டீச்சர் போயிட்டாங்க. ஆள் தேடித் திரியிறாங்க."

ஜெயனியின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ராத்தா என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்தேன். அவர் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைபேசியை எடுத்து நிலையத்துப் பொறுப்பாளரை அழைத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஜெயனியின் கையில் கொடுத்தார். மறுமுனையில் ஒரு பொம்பிளைக் குரல் கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது: "திங்கக்கிழமை காலமை வரேலுமோ?"

திங்கட்கிழமை. மடத்து வாகனம் வருகிற அதே காலை.

"ஓம்" என்றாள் ஜெயனி. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளை உடுப்போடு நிலத்தில் இருந்து அழுதாள். "எல்லாருக்கும் ஓம் எண்டிட்டன், மச்சாள். மதருக்கும் ஓம், இவைக்கும் ஓம்."

சனிக்கிழமை எல்லாருடைய சட்டையும் தைத்து முடிந்து வந்தது, மாமியுடையதைத் தவிர. அதற்கு மட்டும் கை வைக்கவில்லையாம், ஆள் நேரில் வரவேண்டுமாம். முப்பது வருடம் தைக்கிற ராத்தாவுக்கு மாமியின் கை அளவு தெரியாதா? எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ராத்தா மாமியைக் கதவைப் பார்க்க நிற்கவைத்து, தோளைச் சுற்றிக் குண்டூசி குத்தத் தொடங்கினார். பதினைந்து ஊசியாவது இருக்கும். மாமி அசையமுடியாது. அதன் பிறகுதான் கதையைத் தொடங்கினார்.

"அகஸ்ரினா, எனக்கு நிக்காஹ் நடக்கக்குள்ள பதினேழு வயசு. புத்தளத்தில, அகதிக் கொட்டில்ல. வாப்பா வந்து 'சம்மதமா மகள்?' எண்டு கேட்டாரு. எங்கட மார்க்கத்தில அது கேக்கத்தான் வேணும். நான் பேசாம இருந்தன். பேசாம இருந்தா சம்மதம் எண்டு எடுத்துக்குவாங்க."

"ஜமால்தீன் நானா நல்ல மனுசனெல்லோ" என்றார் மாமி.

"நல்ல மனுசன்தான். ஒரு குறை சொன்னா அல்லாஹ்வுக்கு அடுக்காது. ஆனா எனக்கு டீச்சராகணும் எண்டு ஒரு ஆசை இருந்திச்சு. உம்மாக்கு அது தெரியும். தெரிஞ்சும் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல்ல. உம்மா மௌத்தாகி, மண்ணுக்குள்ள போய்ப் பதினொரு வருசம். இன்னமும் தொழுதிட்டு எழும்பக்குள்ள அது ஞாபகம் வருது." கடைசி ஊசியைக் குத்தினார். "உங்கட பிள்ளய இலுப்பைக்கடவையில படிப்பிக்கத் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அது ஏழு வருசமாப் பேசாம இருக்குது, அகஸ்ரினா. நீங்களாவது கேளுங்க."

மாமி கதவைப் பார்த்தபடியே, "சட்டை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். கோயில் மதிலில் பதாகை கட்டியாகிவிட்டது. கைகூப்பிச் சிரிக்கும் ஜெயனி, வாசல் அகலத்துக்கு. மாமி அதன் முன்னே கொஞ்சம் நின்றார். பிறகு நடந்தார்.

அன்று பின்னேரம் ஜெயனி தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கிட்டப் போனாள். "அம்மா, உங்களோட ஒண்டு கதைக்கோணும்."

"நாளைக்குப் பூசை முடியக் கதைப்பம் சிஸ்ரர். இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

அவள் போய்க் கதிரையில் இருந்தாள். என் நம்பிக்கையும் அத்தோடு போய்விட்டது. திங்கட்கிழமை அவள் வாகனத்தில் ஏறிவிடுவாள், சனிக்கிழமை நான் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கைதட்டுவேன். இனி எல்லாம் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. முன் வாங்கில் மாமி, பக்கத்தில் ஜெயனி, பிறகு நானும் சுவேதினியும். மாமி புதுச் சட்டை போடவில்லை. பழைய சட்டையைத்தான் போட்டிருந்தார். அதை நான் கவனித்தேன், ஆனால் கை தைத்து வரவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூசை முடிவில் பாதர் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஏழு வருடத்துக்கு முன் இருந்தவர் இல்லை, வேறு பாதர். நல்ல மனிதர், அவருக்கு ஒன்றும் தெரியாது. "எங்கட ஊரின்ட முதல் சிஸ்ரர் நாளைக்குப் போறா. எழும்பி நில்லுங்கோ மகள். எல்லாருமாக் கைதட்டி வழியனுப்புவம்" என்றார்.

ஜெயனியின் உடம்பு தானாக எழும்பியது. முழங்கால் நிமிர்ந்து, இடுப்பு வாங்கை விட்டு விலகிவிட்டது. பின்னால் யாரோ கைதட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். புண் காய்ந்த அந்தக் கையால் இறுக்கிப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"இரு" என்றார்.

இருங்கோ இல்லை. சிஸ்ரரும் இல்லை. எனக்குப் பக்கத்தில்தான், காதோடு கேட்டது. ஜெயனி பொத்தென்று வாங்கில் விழுந்தாள், தாயின் முகத்தைப் பார்த்தாள். "இரடி பிள்ளை" என்றார் மாமி மறுபடியும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு மாமி எழும்பினார். நண்டுக் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் கோயிலுக்குமாக வாழ்ந்த பொம்பிளை, அந்தச் சனத்துக்கு நடுவில் தனியாக நின்றார். "பாதர், பிள்ளை போகேல்ல" என்றார். "பஸ் ரெண்டையும் வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

கைதட்டிய ஆள் நிறுத்திவிட்டார். பாதர் வாயைத் திறந்து, மூடி, "எல்லாரும் செபிப்பம்" என்றார்.

பிறகு எங்களுக்கு லேசாக இருக்கவில்லை. 'மடத்தால வந்தவள்' என்ற பெயர் ஜெயனிக்கு இன்றும் இருக்கிறது. கடையில் சாமான் வாங்கும்போதுகூட முதுகுக்குப் பின்னால் கேட்கும். அன்று பின்னேரமே யாரோ பதாகையைக் கழற்றிவிட்டார்கள். கொட்டிலில் மாமியோடு நண்டு உடைக்கிறவர்கள் இரண்டு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மாமி தானாகவே பின்னால் போய்ப் பாயில் இருந்தார். நானும் ஜெயனியும் அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். மூன்றாவது ஞாயிறு வெள்ளாங்குளத்திலிருந்து கலியாணம் கட்டி வந்த ஒரு பெட்டை எங்களோடு வந்து இருந்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த முதல் ஞாயிறு மத்தியானத்தை. கோயிலால் வந்ததும் ஜெயனி பழக்கத்தில் நீலக் கதிரையில் போய் இருந்துவிட்டாள். மாமி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"எழும்படி. ஏழு வருசமா இருந்து திண்டது காணும். மீனை வெட்டு."

ஜெயனி எழும்பி ஓடினாள். ஒட்டி மீன்தான். மாமியும் பக்கத்தில் குந்தினார். மூன்றாவது மீனில் அவளுக்கு முள்ளுக் குத்தியது. "பாத்து வெட்டத் தெரியாதோ உனக்கு? எருமை" என்று மாமி விரலைப் பிடித்து இரத்தத்தைப் பிதுக்கினார். ஜெயனி சிரித்துக்கொண்டே அழுதாள். மாமி விரலை விடவில்லை.

"நாளைக்கு அந்த இலுப்பைக்கடவைப் பள்ளிக்கூடம். உனக்கு விருப்பமோ?"

ஜெயனி வாயைத் திறந்தாள்.

"கேட்ட உடன ஓம் எண்டு சொல்லாத" என்றார் மாமி. "யோசிச்சுச் சொல்லு. நான் இருக்கிறன்."

ஜெயனி யோசித்தாள். மாமி காத்திருந்தார். உலை கொதித்து வழிந்தது. நான் இறக்கப் போகவில்லை. சுவேதினி வந்து மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்றாள் ஜெயனி.